சித்திரையில் வெட்டிய மல்லிகை

எனக்குப் பூச்சிகளைக் கண்டால் ஆகாது. பூ வளர்க்கிறவள் இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் மாவுப்பூச்சியைப் பார்த்தால் என் வாயில் வருகிற வசவுகளை இங்கே எழுத முடியாது. செம்பருத்திக் கொழுந்தில் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதற்குக் காவலாக எறும்புகள் வேறு தண்டில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். "உங்கப்பன் வீட்டுச் செடியா இது?" என்று நான் கொல்லையில் நின்று கத்துவதைக் கேட்டு, யாரோடோ சண்டை என்று நினைத்து எதிர் வீட்டு அக்கா கையில் கரண்டியோடு ஓடி வந்திருக்கிறாள். பூச்சியோடுதான் என்று தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

எங்கள் ஊர், சிக்கல் என்கிற ஊரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. மழை பெய்தால் நெல், மழை ஏமாற்றினால் மிளகாய், இரண்டும் இல்லாத வருடத்தில் சீமைக்கருவேலம் தானாக முளைத்துக்கொள்ளும். போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். அதைப் பூச்செடிக்கு ஊற்றினால் இலையின் ஓரமெல்லாம் தீய்ந்துவிடும். குடிப்பதற்குக் குழாயில் வருகிறது. வராத நாளில் வண்டிக்காரரிடம் வாங்குகிறோம். ஊரணித் தண்ணீர் இப்போது துணிக்கும் மாட்டுக்கும் என் செடிகளுக்கும்தான்.

கொல்லை ஒன்றும் பெரிதில்லை. சுவரோரம் செம்பருத்தி, மூலையில் நந்தியாவட்டை, வேலியை ஒட்டி அரளி, இரண்டு பாத்தி கனகாம்பரம். நடுவில் வெயில் நன்றாக விழுகிற இடத்தில் மல்லிகை. ஆறு தூர் இருக்கும். கோடையில் அந்தக் கொல்லைதான் எனக்கு வீடு. விடியும்போது போனால் மண் கொஞ்சம் குளிர்ந்திருக்கும். தேன்சிட்டு ஒன்று செம்பருத்தியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். வெயில் ஏற ஏற எல்லா இலையும் தொங்கிப்போகும். மத்தியானத்துக்கு மேல் கடல் பக்கமிருந்து காற்று வரும். கடல் இங்கிருந்து தெரியாது. ஆனால் அந்தக் காற்றில் முகத்தைக் காட்டி நின்றுவிட்டு உதட்டை நக்கினால் உப்புக் கரிக்கும். சில நாள் சாயங்காலம் தட்டான்கள் தாழப் பறக்கும். மழை வரப்போகிறது என்று நான் காயப்போட்ட மிளகாயை அள்ளுவேன். வராது. மறுநாளும் அள்ளுவேன்.

நந்தியாவட்டையில் மட்டும் ஒரு பச்சைப் புழு வரும். விரல் தண்டிக்கு இருக்கும். தலைக்குப் பின்னால் நீலமாக இரண்டு வட்டம், பார்த்தால் கண் மாதிரி. பூச்சி என்றால் ஆகாத நானும் அதை மட்டும் விட்டுவிடுவேன். ஒரு வாரத்தில் பாதிச் செடியை மொட்டையடித்துவிட்டுக் காணாமல் போகும். ஏன் அதைக் கொல்வதில்லை என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அது நம்மைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

மல்லிகைக்கு வருகிறேன். கல்யாணமான புதிதில் நானும் என் வீட்டுக்காரரும் ராமேஸ்வரம் போய்விட்டுத் திரும்புகையில் அக்காள்மடத்தில் இறங்கினோம். அங்கே ரோட்டோரமெல்லாம் மல்லிகை நாற்றுத்தான். ஈர மணலில் நெருக்கமாக நட்டு வேர் பிடிக்க வைத்து, கட்டுக் கட்டாகப் பிடுங்கி எந்தெந்த ஊருக்கோ லாரியில் அனுப்புகிறார்கள். அதில் ஒரு கட்டு வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் என் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். குழி அவர்தான் வெட்டினார். நட்டு அது வேர் பிடிப்பதற்குள் அவர் வெளிநாட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருவார். எப்போதும் மார்கழி தையில்தான் வருவார், பொங்கல் முடிந்ததும் போய்விடுவார். மல்லிகை வளர்க்கிறவர்களுக்கு இதில் என்ன சங்கடம் என்று சொல்லாமலே தெரியும். கார்த்திகை கடைசியில் தண்ணீரை நிறுத்தி, இலையை உதிரவிட்டு, முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்துவிடுவோம். மார்கழியில் பார்த்தால் வெறும் குச்சிதான் நிற்கும். பூ வருவது பங்குனிக்கு மேல், கோடை முழுவதும். அவர் கோடையில் இங்கே இருந்ததே இல்லை. அதனால் அவர் குழி வெட்டிய செடி பூத்து அவர் பார்த்ததில்லை. ஒவ்வொரு தடவையும் கொல்லைப்பக்கம் போய்ப் பல் விளக்கிக்கொண்டே, "என்னடி இது, இந்தக் குச்சிய இன்னும் வச்சிருக்க?" என்பார். நான் போனில் பூவைக் காட்டியிருக்கிறேன். போனில் பார்த்தால் எல்லா வெள்ளைப் பூவும் ஒன்றுதான்.

இதில் கூத்து என்னவென்றால், அவருக்கு அங்கே வேலையே பூச்செடி வேலைதான். வெளிநாட்டுக்குப் போனவர் என்றால் கட்டட வேலை, டிரைவர் வேலை என்று நினைப்பார்கள். இவர் பாலைவனத்தில் ரோட்டுக்கு நடுவே பூ நட்டவர். கார்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறக்க, நடுவில் குனிந்து உட்கார்ந்து வரிசை வரிசையாக நடுவார்களாம். வெள்ளை ஒரு பட்டை, ஊதா ஒரு பட்டை, சிவப்பு ஒரு பட்டை. ஐப்பசியில் நட்டு முடித்த பிறகுதான் லீவு. வெயில் ஏற ஆரம்பித்ததும், பூ இருந்தாலும் இல்லாவிட்டாலும் மொத்தத்தையும் பிடுங்கிப் போட்டுவிட்டு மண்ணைக் கொத்திவிடுவார்கள். ஒரு செடியை அடுத்த வருடம் பார்த்தது கிடையாது என்று ஒருமுறை சொன்னார். "வாசம் இருக்குமா?" என்று கேட்டேன். "வண்டி போற ரோட்டுல உக்காந்து என்னத்த மோந்து பாக்க?" என்றார்.

இந்த வருடம் அவர் பொங்கலுக்கு வரவில்லை. மாசியில் வந்தார், முன்கூட்டிச் சொல்லாமல். பெட்டிகள் எப்போதையும்விடக் கனம். வந்து இறங்கிய அன்றைக்கே எதிர் வீட்டு அக்கா வந்துவிட்டாள். இவருக்கு அவள் மதினி முறை, கேலி பேச உரிமை உள்ளவள்.

"என்ன கொழுந்தனாரே, எப்ப வந்தீக? எப்ப போறீக?"

இதை அவள் மட்டும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தவரைப் பார்த்தால் ஊரே இப்படித்தான் கேட்கும். இரண்டு கேள்வியும் ஒரே மூச்சில் வரும். டீக்கடையில் கேட்பார்கள், கோயிலில் கேட்பார்கள், எழவு வீட்டில்கூடக் கேட்பார்கள். கேட்கிறவர் மனதில் ஒன்றும் இருக்காது. சாப்பிட்டாச்சா என்று கேட்பதைப் போலத்தான். இவரும் சிரித்துக்கொண்டே, "சித்திர கழியட்டும் மதினி, கம்பெனியில கூப்புடுவாங்க" என்றார்.

சித்திரை கழியட்டும் என்றதும் எனக்குள் ஏதோ குதித்தது. அப்படியென்றால் இந்தத் தடவை பூவைப் பார்த்துவிட்டுத்தான் போவார். அடுத்த நிமிடமே, பார்த்துவிட்டுப் போகத்தானே போகிறார் என்று அது அடங்கியும் போனது. உள்ளதைச் சொல்வதென்றால், அவர் போகக் கூடாது என்று எனக்கு இருந்தது. மகளும் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். ஒரு ஆளுக்குச் சோறு வடித்து வடித்து எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் போகாதீர்கள் என்று சொல்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. மிளகாய்ப் பொடியும் மாவடுவும் கட்டிக்கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வருவதுதான் பழக்கம். லீவில் வருகிறவரை ஒரு வேலையும் செய்ய விடமாட்டோம். கறியும் மீனுமாக ஆக்கிப்போட்டு, ஒரு செம்புத் தண்ணீரைக்கூட அவர் கையால் மோக்க விடாமல், விருந்தாளி மாதிரி வைத்துக்கொண்டு அனுப்புவோம். இந்தத் தடவையும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

பங்குனி நடுவில் மல்லிகை மொட்டு வைத்தது. முதல் நாள் பறித்தபோது ஒரு கை நிறையக்கூட வரவில்லை. மத்தியானம் மூன்று மணி வெயிலில், நன்றாகப் பருத்து வெளுத்த மொட்டாகப் பார்த்துப் பறித்து, வாழைநாரில் கட்டி, ஈரத்துணியில் சுற்றிச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டேன். விளக்கேற்ற வந்தால் மனிதர் அந்தச் சரத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறார். மொட்டு விரிந்து வீடு முழுவதும் வாசம்.

"இதுவா அந்தக் குச்சி?" என்றார்.

"அந்தக் குச்சியேதான்."

"இத்தன வருசமும் இப்பிடித்தான் பூத்துச்சா?"

"பின்ன, நீங்க வரலன்னு பூக்காம இருந்துச்சாக்கும்?"

நான் கேலியாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சரத்தில் ஒரு முழம் கிள்ளி என் கையில் கொடுத்தார். வைத்துக்கொள் என்று வாயால் சொல்லவில்லை. நானும் வாங்கி வைத்துக்கொண்டேன். கல்யாண வயசில் வராத வெட்கம் அன்றைக்கு வந்தது, என்ன செய்ய.

மறுநாளிலிருந்து கொல்லையில் எனக்குப் பங்காளி வந்துவிட்டார். கம்பெனியில் கொடுத்த முழுக்கைச் சட்டையையும் பின்னால் துணி தொங்குகிற தொப்பியையும் மாட்டிக்கொண்டு காலையிலேயே இறங்கிவிடுவார். எதிர் வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "ஏத்தா, ஒங்க கொல்லையில யாரு, எலெக்ட்ரிக் ஆபீஸ் ஆளா?" என்றாள். அவர் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கனகாம்பரப் பாத்தியை நூல் பிடித்த மாதிரி ஆக்கிவிட்டார். ஆனால் பூச்சி விஷயத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. நான் திட்டுவேன், சாம்பல் தூவுவேன், வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்த தண்ணீரைத் தெளிப்பேன். அவருக்கு மருந்துதான் வேண்டும். கடையில் போய் ஒரு பாட்டிலும் தெளிப்பானும் வாங்கி வந்து நின்றார்.

"இத அடிச்சா ஒரு பூச்சி மிஞ்சாது."

"தேனீயும்தான் மிஞ்சாது. அந்தத் தேன்சிட்டு வருதே, அது எங்கன போகும்?"

"தேனீக்குன்னு செடி வளக்குறியா, பூவுக்குன்னு வளக்குறியா?"

"எனக்குன்னு வளக்குறேன். கொண்டுபோய் உள்ள வையுங்க அத."

வைத்துவிட்டார். ஆனால் நந்தியாவட்டையில் அந்தப் பச்சைப் புழுவைப் பார்த்ததும் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "இதையாச்சும் கொல்லட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, எடுத்த இலையிலேயே திரும்ப விட்டுவிட்டு வந்தார். இப்படி ஒரு மனிதரோடு இத்தனை வருடம் நான் குடித்தனம் பண்ணியிருக்கவே இல்லையே என்று அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. கனகாம்பரத்துக்குக் களை எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

சித்திரை பிறந்தது. இந்த வருட வெயில் சாதாரண வெயில் இல்லை. காலை ஒன்பது மணிக்கே கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நிழலுக்கு ஓடின. காற்று நின்றுபோனது. அந்த மாதிரி வறட்டு வெயிலில்தான் செம்பேன் வரும். கண்ணுக்கே சரியாகத் தெரியாது. இலைக்கு அடியில் மெல்லிய நூலாம்படை கட்டி இருந்துகொண்டு சாற்றை உறிஞ்சும். இலை மஞ்சள் புள்ளியாகி வெளுத்துவிடும். அதோடு மொட்டுப்புழுவும் சேர்ந்துகொண்டது. நல்ல மொட்டைப் பார்த்து ஓட்டை போட்டு, உள்ளே இருப்பதைத் தின்றுவிட்டு, அடுத்த மொட்டுக்குப் போகும். நான் தினமும் கெட்ட மொட்டைக் கிள்ளித் தீயில் போட்டேன். ஊரணித் தண்ணீரை இலைக்கு அடியில் படும்படி விசிறி அடித்தேன். கொஞ்சம் நஷ்டம்தான், ஆனால் ஒரு மழை பெய்தால் செம்பேன் போய்விடும், செடி நிமிர்ந்துகொள்ளும். எல்லாக் கோடையிலும் இப்படித்தான். அவருக்கு அது தெரியாது. அவர் தினமும் செடியைச் சுற்றிச் சுற்றி வந்து, "கஷ்டப்படுதுடி" என்பார்.

"படட்டும். நம்ம மட்டும் சுகமாவா இருக்கோம்?" என்பேன்.

அந்தச் சமயத்தில்தான் நான் மாரியூருக்குப் போனேன். என் தங்கை அங்கே வாக்கப்பட்டிருக்கிறாள். கோயிலில் விசேஷம், வா என்று கூப்பிட்டிருந்தாள். சாமியைக் கும்பிட்டுவிட்டு, கடற்கரையில் கொஞ்சம் காலை நனைத்துவிட்டு, ராத்திரி அவள் வீட்டில் தங்கினேன். அவளும் கேட்டாள், "மச்சான் எப்பக்கா போறாரு?" என்று. "அவரு போனா ஒனக்கென்ன, இருந்தா ஒனக்கென்ன?" என்று எரிந்து விழுந்தேன். அவள் பாவம், மிரண்டுபோய் எனக்கு இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்து, கைப்பையைக்கூட வைக்காமல் கொல்லைக்குப் போனேன். வெயிலில் கண் கூசியது. முதலில் ஒன்றும் புரியவில்லை, ஏதோ இடம் மாறி வந்துவிட்ட மாதிரி இருந்தது. நடுவில் இருந்த ஆறு தூரும் முழங்கால் உயரத்துக்கு வெட்டப்பட்டுக் குச்சியாக நின்றன. இந்த வருடத்து மொட்டும் இலையும் கிளையும் மூலையில் குவியலாகக் கிடந்தன, இன்னும் முழுசாக வாடக்கூட இல்லை. குவியலில் நல்ல மொட்டும் இருந்தது. அவர் தொப்பியோடு கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ரெஸ்ட் குடுத்திருக்கேன். அங்கன நோயி விழுந்தா பூராத்தையும் பிடுங்கிருவோம். எனக்குப் பிடுங்க மனசு வரல. அதான் வெட்டி மட்டும் விட்டேன்."

இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எவனாவது சித்திரை வெயிலில் மல்லிகைக்குக் கவாத்து செய்வானா? ஆனால் அவர் பார்த்த மல்லிகை எல்லாம் அந்த உயரத்தில்தான் நின்றது. நல்ல மல்லிகை என்றால் முழங்கால் உயரம் என்றுதான் அவருக்குத் தெரியும். இதெல்லாம் இப்போது எழுதும்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குக் கண் மண் தெரியவில்லை. என்னென்னவோ கத்தினேன். எதிர் வீட்டு அக்கா வேலி வரைக்கும் வந்துவிட்டு, இந்தத் தடவை பூச்சியோடு இல்லை என்று தெரிந்து, சத்தமில்லாமல் திரும்பிப் போய்விட்டாள். அவர் கத்தரிக்கோலையே துடைத்துக்கொண்டிருந்தார். அதுவே எனக்கு இன்னும் ஆத்திரமாகி, கடைசியில் அதையும் கேட்டுவிட்டேன்.

"நீங்க எப்பத்தான் போறீக?"

அவர் கத்தரிக்கோலைச் சுவர்மேல் வைத்தார். தொப்பியைக் கழற்றினார். "போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதன் பிறகு வீட்டில் பேச்சில்லை. சோறு போட்டேன், சாப்பிட்டார். கொல்லைப்பக்கம் அவர் வரவே இல்லை. செடியை மட்டும் நான் விடவில்லை. நிழலே இல்லாமல் அந்தத் தண்டில் வெயில் நேராக அடித்தால் பட்டை வெடித்துச் செத்துப்போகும். ஆள் விட்டுப் பனையோலை வெட்டிவரச் சொல்லி, ஆறு தூருக்கும் குடிசை மாதிரி மறைப்புக் கட்டினேன். முன்பு இரண்டு நடை தண்ணீர் எடுத்த இடத்தில் இப்போது நாலு நடை ஆனது. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஒரு தள்ளுவண்டி இருக்கும், குடம் உட்காருவதற்கு வளையம் வைத்து. அதைத் தள்ளிக்கொண்டு ஊரணிக்கும் வீட்டுக்குமாக நடந்ததில் தோள்பட்டை இற்று விழுந்தது. போய்வருகிற வழியில் ஒருத்தி விடாமல் கேட்டார்கள். ஊட்டுக்காரரு எப்ப கெளம்புறாரு, எப்ப கெளம்புறாரு என்று. அடுத்த வாரம் என்று அவரே எதிர் வீட்டு அக்காவிடம் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் பார்த்தால் பரண்மேல் கிடந்த பெட்டி கீழே இறங்கித் தூசி தட்டி வைத்திருந்தது. நானும் வீம்புக்கு மிளகாய்ப் பொடி அரைக்கக் கொடுத்தேன். அரைத்து வந்த பொடியைத் தூக்குவாளியில் கொட்டும்போது பாதி கீழே சிந்தியது.

அன்று மத்தியானம் மேற்கே கருத்தது. வெகு நாளாக நின்றுபோயிருந்த காற்று ஒரேயடியாகக் கிளம்பி, தெருப் புழுதியெல்லாம் வீட்டுக்குள் வந்தது. கொல்லையில் ஓலை படபடக்கிற சத்தம் கேட்டு ஓடினேன். இரண்டு மறைப்பு பிய்த்துக்கொண்டு போய் வேலியில் மாட்டியிருந்தது. மிச்சம் நின்றதில் ஒன்றை நான் பிடித்துக்கொண்டேன். மற்றதைப் பிடிக்கப் போனால் இது பறக்கிறது. பின்னால் யாரோ வந்து அதை அழுத்திப் பிடித்தார்கள். அவர்தான். சட்டை இல்லாமல், தொப்பி இல்லாமல். இரண்டு பேரும் ஆளுக்கொரு ஓலையைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். இடி இடித்தது. பெரிய பெரிய துளியாக விழுந்தது. மண்வாசனை மூக்கைத் துளைத்தது. அவ்வளவுதான், கால் மணி நேரம்கூட இல்லை, மேகம் கடல் பக்கம் ஓடிவிட்டது. மண்ணை விரலால் கீறிப் பார்த்தேன். அடியில் அப்படியே காய்ந்து கிடந்தது.

அவர் எழுந்திருக்கவில்லை. ஓலைக்கு உள்ளே கை விட்டு ஒரு தண்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"செத்துப்போச்சா?" என்றார்.

"இல்ல. அடியில பச்ச இருக்கு. விடாம தண்ணி ஊத்துனா ஆடியில வந்துரும்."

"ஆடியிலயா?"

"நீங்க இருக்கப் போறீகளாக்கும்? அடுத்த வாரம் கெளம்புறவருக்கு ஆடியப் பத்தி என்ன?"

தண்டைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. என்னைப் பார்க்காமல், செடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"போறதுக்கு எடமில்ல. கம்பெனியில கணக்க முடிச்சு அனுப்பிட்டாங்க. வயசாயிருச்சு, கொறஞ்ச வயசுல ஆளு வந்திருக்கு. யாரும் கூப்புட மாட்டாங்க."

மாசியில் சொல்லாமல் வந்ததும், பெட்டி கனமாக இருந்ததும் எல்லாம் அப்போதுதான் புரிந்தது.

"பின்ன எதுக்கு ஊரெல்லாம் போறேன் போறேன்னு சொன்னீக?"

"எறங்குன அன்னைக்கே எப்ப போறீகன்னு கேக்குறாங்க. ஒரு ஆளாச்சும், இங்கனயே இருந்துருங்கன்னு சொல்லட்டும், அப்பறம் சொல்லுவோம்னு பாத்தேன். ஒருத்தரும் சொல்லல. கடைசியில நீயும் அதத்தான் கேட்ட."

"அடப்பாவி மனுசா" என்றேன். அந்தப் பெட்டியைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு எங்கே போக இருந்தீர்கள் என்று கேட்டேன். "தெரியல. திருச்சி வரைக்கும் போயி, அங்கன ஏதாச்சும் வேல பாக்கலாம்னு" என்றார். ரோட்டு நடுவில் பூ நட்ட மனிதர், எந்த ரோட்டுக்குப் போவது என்று தெரியாமல் கிளம்ப இருந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது, ஊர்மேல் வந்தது, என்மேலும் வந்தது. இரண்டு கையாலும் மண்ணை அள்ளி எறிய வேண்டும் போல இருந்தது.

எழுந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாட்டுக்கொட்டகை ஓரம் நின்ற தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நிறுத்தினேன். குடங்களை ஒவ்வொன்றாக வளையத்தில் வைத்தேன்.

"இன்னையில இருந்து ஊரணிக்கு நீங்கதான் போகணும். எனக்குத் தோளு விட்டுப்போச்சு."

அவர் குடங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். லீவில் வந்த மனிதரை ஒரு செம்பு மோக்க விடாதவள் நான்.

"இப்பயா? பொம்பளைக பூராம் அங்கன நிப்பாங்களே. பாப்பாங்களேடி."

"பாக்கட்டும்" என்றேன். "தண்ணி வண்டி தள்ளுற ஆளப் பாத்து எவளும் எப்ப போறீகன்னு கேக்க மாட்டா."